குழி ‘போகலாம்’ என்று சொல்லாது

கனடாவின் ராக்கி மலைப் பக்கம் குளிர்காலத்தில் ஸ்கீயும் ஸ்னோஷூவுமாகத் திரிகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. “நேற்று எங்கே போனீர்கள்?” என்றால் ஒரு மலையின் பெயரைச் சொல்வார்கள். அங்கே சரிவு கொஞ்சம் செங்குத்தாயிற்றே என்று இழுத்தால், குழி வெட்டிப் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது என்பார்கள்.

குழி என்றால், பனிச்சரிவு (மலையில் சேர்ந்த பனி அறுந்து இறங்குவது) வருமா என்று பார்க்கப் பனியில் வெட்டுகிற குழி. ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, ஒரு பக்கச் சுவரைச் சீராகச் செதுக்கி, அடுக்குகளைப் பார்த்து, மண்வெட்டியால் தட்டிச் சோதிப்பார்கள். ஸ்கீ ரிசார்ட் எல்லைக்கு வெளியே, யாரும் வெடி வைத்துப் பாதுகாப்பு செய்யாத பேக்கன்ட்ரி மலைகளில் நடக்கிறவர்களுக்கு இது அடிப்படைப் பயிற்சி. எனக்கும் பிடித்த வேலை. ஆனால் குழிக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லத்தான் தெரியும், ‘போகலாம்’ என்று சொல்லத் தெரியாது என்பது என் கட்சி. இதை வைத்து நண்பர்களோடு நிறையத் தடவை வாக்குவாதம் நடந்திருக்கிறது. பேச்சில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கால்கரியில் குடியேறிய பிறகு, மலைக்குப் போகும் நண்பர்கள் வற்புறுத்தியதால் பனிச்சரிவுப் பாதுகாப்பின் ஆரம்ப வகுப்பில் சேர்ந்தேன். பாதி வகுப்பறை, பாதி, ‘போ சம்மிட்’ என்கிற மலை இடத்தில் தோண்டல். இந்தப் பக்கத்தில் பனிச்சரிவு பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு குறிப்பிட்ட குளிர்காலம் வராமல் போகாது: 2002–03. அந்த ஒரு பருவத்தில் கனடாவில் பனிச்சரிவுகளில் 29 பேர் இறந்தார்கள். அவர்களில் 14 பேர் பன்னிரண்டு நாள் இடைவெளியில், ஒரே மலைத்தொடரில், இரண்டு சம்பவங்களில். இரண்டு இடத்திலும் பனிக்குள் கிடந்த கோளாறு ஒன்றுதான். அது உருவானது முந்தைய நவம்பரில்.

பனிச்சரிவு என்றதும் தளர்ந்த பனி பொலபொலவென்று மலையிலிருந்து கொட்டுவதுதான் நம் மனதில் வரும். அப்படியும் விழும். ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பலகைச் சரிவு. மேலே இறுகிய பனி ஒரே தகடாக இருக்கும். அதன் அடியில், தாங்க வலுவில்லாத மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கும். அந்த அடுக்கு ஓரிடத்தில் நொறுங்கினால் முறிவு கண்ணிமைக்கும் நேரத்தில் நாலாபுறமும் பரவி, மேலே உள்ள தகடு முழுவதும் ஒரேயடியாக அறுந்து கிளம்பும். இதற்கு மலையின் சாய்வும் தோதாக இருக்க வேண்டும். 30 முதல் 45 டிகிரி வரை உள்ள சரிவுகளில்தான் இது அதிகம். அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி தங்குவதில்லை, அவ்வப்போது உதிர்ந்துவிடும். நடக்கவும் சறுக்கவும் மனசு கேட்கிற சரிவும் இதே 30–45தான் என்பதுதான் வயிற்றெரிச்சல். இன்னொன்று: பொழுதுபோக்குக்குப் போய்ச் சிக்குகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், பனிச்சரிவைக் கிளப்பியது அவரேதான் அல்லது கூட வந்த ஒருவர்.

சரி, நவம்பருக்கு வருகிறேன். 2002இல், ராக்கிக்கு மேற்கே உள்ள கொலம்பியா மலைகளில் பனி சேரத் தொடங்கியிருந்த சமயத்தில் மழை பெய்தது. நனைந்த மேற்பரப்பு உறைந்து கெட்டியான ஓடாயிற்று. அதன் மேல் உலர்ந்த புதுப்பனி விழுந்தது. தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளியே விடும். ஆக, கீழே சற்று வெதுவெதுப்பான ஈர ஓடு, மேலே குளிர்ந்த பனி. இந்த வித்தியாசம் பனிக்குள் இருக்கும் ஈரத்தை ஆவியாக மேலே தள்ளும். ஆவி போகிற வழியில் ஒவ்வொரு துகளையும் மாற்றிவிட்டுப் போகும். 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி வித்தியாசம் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதற்குக் கீழே இருந்தால் துகள்கள் உருண்டு ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். அதற்கு மேலே போனால் பட்டைகளும் மூலைகளுமாக, ஒன்றையொன்று பிடிக்காமல் வளரும். கையில் அள்ளினால் சீனி மாதிரி விரலிடுக்கில் வழிந்துவிடும், உருண்டை பிடிக்க வராது. இங்குள்ளவர்கள் அதைச் சீனிப் பனி என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தச் சீனிப் பனிக்கு மழை கட்டாயம் இல்லை. நான் அதிகம் போகிற கனானாஸ்கிஸ் பக்கம் பனி குறைவு, குளிர் அதிகம். தரை கிட்டத்தட்ட பூஜ்ஜியத்தில் நிற்க, காற்று மைனஸ் 25க்குப் போனால், நடுவில் உள்ள அரை மீட்டர் பனி முழுக்க அடியிலிருந்து சீனியாகிவிடும். பனி கம்மியாக இருக்கிறது, ஆபத்தும் கம்மி என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் நேர்மாறு.

மேலே பனி ஏற ஏற அடியில் இருப்பது நசுங்கிக் கெட்டியாகிவிடாதா என்று கேட்கலாம். புயலோடு விழுந்த பனிக்குள் இருக்கும் பலவீனம் அப்படித்தான் சில நாளில் தானாகச் சரியாகும். புயல் ஓய்ந்து இரண்டு நாள் பொறுத்துப் போ என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான். சீனிப் பனிக்கும், ஓட்டுக்கு அருகே உண்டாகும் அதன் உறவினர்களுக்கும் இந்த விதி பொருந்தாது. வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும், சில வருடம் மாதக்கணக்கில். மேலே ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று பனி ஏறிக்கொண்டே போகும். ஆழம் கூடக்கூட ஒரு ஆளின் எடை அந்த அடுக்கை எட்டுவது கடினமாகும். எட்டிவிட்டால் கிளம்புகிற பனிச்சரிவோ அத்தனைக்கு அத்தனை பெரிதாக இருக்கும். நடப்பது அரிது, நடந்தால் தப்பிப்பதும் அரிது. இந்த மாதிரிக் கணக்கில் மனித மூளை ரொம்ப மோசம்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் குழி. சுவரைச் செதுக்கியதும் விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தால் எங்கே கெட்டி, எங்கே இளக்கம் என்று தெரியும். முஷ்டி உள்ளே போகிறதா, நான்கு விரலா, ஒரு விரலா, பென்சிலா, கத்தியா என்று இறுக்கத்தை அளப்பார்கள். இந்த முஷ்டி, விரல் அளவைத்தான் தொழில்முறை ஆட்களும் நோட்டில் எழுதுகிறார்கள். முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பாக வந்தது. ஒரே குழியை இரண்டு பேர் அளந்து கிட்டத்தட்ட ஒரே விடை சொன்னதைப் பார்த்தபின் சிரிப்பு போய்விட்டது.

அடுத்தது தட்டும் சோதனை. 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் ஒரு தூணை வெட்டித் தனியாக்கி, அதன் தலையில் மண்வெட்டியின் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் முறிகிறது என்பது ஒரு தகவல். எப்படி முறிகிறது என்பது அதைவிட முக்கியம். சொரசொரவென்று ஒழுங்கில்லாமல் உடைந்தால் ஒரு மாதிரி. தூணின் மேல்பகுதி சட்டென்று, வெட்டிவிட்ட மாதிரி முன்னால் வழுக்கி வந்தாலோ, ஒரு அடுக்கு படக்கென்று உட்கார்ந்தாலோ, அடுத்த பேச்சு இல்லை, திரும்ப வேண்டியதுதான். 1970களில் கனடியப் பூங்கா வார்டன்கள் உருவாக்கிய சோதனை இது. இதில் முறிவு தொடங்குமா என்பது தெரியும், பரவுமா என்பது தெரியாது. அதற்காக 2000களில் 90 சென்டிமீட்டர் அகலத் தூணின் ஒரு முனையில் மட்டும் தட்டிப் பார்க்கும் முறை வந்தது. ஒரு முனையில் தொடங்கிய முறிவு மறு முனை வரை ஓடிவிட்டால் அது கெட்ட செய்தி. ஆழத்தில் உள்ள அடுக்குக்குத் தட்டு எட்டாது. அங்கே ரம்பத்தைப் பலவீன அடுக்குக்குள் நேராக விட்டு அறுத்துப் பார்ப்பார்கள். அறுத்துக்கொண்டே போகும்போது ஒரு கட்டத்தில் ரம்பத்தை முந்திக்கொண்டு முறிவு தானே ஓடும். இந்த ரம்பச் சோதனை எங்கள் ஊர் கால்கரி பல்கலைக்கழகத்திலும், ஏறத்தாழ அதே காலத்தில் சுவிட்சர்லாந்திலும் உருவானது.

இத்தனையும் கற்றுக்கொண்ட பிறகு ஒருவருக்குத் தன்மேல் நம்பிக்கை வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. அந்த நம்பிக்கையைக் கலைத்தது ஒரு சாதாரணப் பயிற்சி. ஒரே சரிவில், ஒருவர் குழியிலிருந்து இன்னொருவர் குழிக்குக் குரல் கேட்கிற தூரத்தில், நாங்கள் ஆளுக்கொரு குழி வெட்டினோம். ஒருவர் தூண் மணிக்கட்டுத் தட்டிலேயே விழுந்தது. இன்னொருவர் தூண் தோளிலிருந்து அடித்தும் அசையவில்லை. காற்று பனியை ஓரிடத்தில் குவிக்கும், ஓரிடத்தில் வாரும். அடியில் ஒரு பாறையோ குட்டை மரமோ இருந்தால் அதைச் சுற்றிச் சீனி அதிகம் வளரும். அசையாத தூணை வெட்டியவர் தனியாக வந்திருந்தால் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்? நன்றாகத்தான் இருந்தது என்றுதான்.

முறிவு பரவும் விதமும் நம் உள்ளுணர்வுக்கு எதிரானது. சரிவான இடத்தில், பனி கீழ்நோக்கி இழுபட்டு அறுகிறது என்றுதான் நெடுங்காலம் விளக்கி வந்தார்கள். 2008இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வு வேறு கோணத்தைக் கொடுத்தது: பலவீன அடுக்கு முதலில் நசுங்கி உட்காருகிறது, அந்த உட்காருதலே அலையாக ஓடுகிறது. அது ஓடுவதற்குச் சரிவு தேவையில்லை. சமதளத்தில் நிற்கும்போது காலடியில் ‘வும்ப்’ என்று ஒரு சத்தம் கேட்டு, தரை ஒரு நூல் இறங்குவதைப் பலரும் அனுபவித்திருக்கிறார்கள். அந்த நசுங்கல் ஓடிப்போய்ப் பக்கத்து மலைச்சரிவில் முறிவைத் தொடங்கிவிடலாம். அந்தச் சத்தத்தைக் கேட்டபின் குழி வெட்டுவது வீண் வேலை. மலையே சொல்லிவிட்டது.

2003 ஜனவரி 20. கொலம்பியா மலைகளின் ஒரு பகுதியான செல்கர்க் தொடரில், டூரண்ட் பனிப்பாறை அருகே, லா டிராவியாட்டா என்று அழைக்கப்படும் சரிவில் வழிகாட்டியோடு ஏறிக்கொண்டிருந்த குழு சிக்கியது. 7 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் ஸ்னோபோர்டு உலகில் கடவுள் மாதிரி மதிக்கப்பட்ட, நான்கு முறை உலகச் சாம்பியனான கிரெய்க் கெல்லி. அவர் மலை வழிகாட்டி ஆவதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். சாம்பியனும், அனுபவசாலி வழிகாட்டியும், பனியைப் படிக்கத் தெரிந்தவர்களும் இருந்த குழு அது. நவம்பர் ஓடு இரண்டு மாதமாக அடியில் காத்துக் கிடந்தது.

2003 பிப்ரவரி 1. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இந்தத் தேதி வேறொன்றால் நினைவிருக்கும். கல்பனா சாவ்லா போன கொலம்பியா விண்கலம் சிதறிய சனிக்கிழமை அது. அதே நாள், அதே செல்கர்க் தொடரின் ரோஜர்ஸ் கணவாயில், கன்னாட் ஓடைப் பள்ளத்தாக்கில், கால்கரி பக்கத்துப் பள்ளி ஒன்றின் 14 மாணவர்களும் 3 பெரியவர்களும் ஸ்கீயில் போய்க்கொண்டிருந்தார்கள். சியாப்ஸ் மலையின் வடக்கு முகத்தில், அவர்கள் தலைக்கு வெகு உயரத்தில், பனி தானாக அறுந்தது. யாரும் அதை மிதிக்கவில்லை. பள்ளத்தாக்கின் அடி வரை வந்து குழுவை மூடியது. எதிரே ஏறிக்கொண்டிருந்த இருவர் அதைப் பார்த்து, கத்தி எச்சரித்து, ஓடிவந்து தோண்டியதால்தான் பலர் பிழைத்தார்கள். 7 மாணவர்கள் இறந்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்.

அந்தக் குழு அன்று எத்தனை குழி வெட்டியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை என்பதுதான் என்னை உறுத்துவது. அவர்கள் காலடியில் இருந்த பனி பிரச்சினையே இல்லை. தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்ததுதான் பிரச்சினை. அன்றைய பனிச்சரிவு அபாய அறிக்கையில் (எண் கூடினால் அபாயமும் கூடும்) உயர்மலைக்கும் மரங்கள் வளரும் எல்லைக்கும் ஐந்தில் 3 என்று இருந்தது, அதற்குக் கீழே உள்ள காட்டுப் பகுதிக்கு 2. அவர்கள் நடந்தது 2 என்று குறித்த உயரத்தில். சரிவு கிளம்பியது 3 என்று குறித்த உயரத்தில். அறிக்கையை எழுத்துக்கு எழுத்து படித்தவர்கூட, நான் கீழேதானே போகிறேன், எனக்கு 2தான் என்று முடிவு செய்திருக்க முடியும்.

போன குளிர்காலத்தில் சென்னையிலிருந்து அண்ணன் மகன் வந்திருந்தான். எல்லோரையும் போல லேக் லூயிஸுக்குக் கூட்டிப்போனேன். உறைந்த ஏரியின் மேல் நடந்து மறுகரைக்குப் போய்விட்டோம். அதற்கு அப்பால் பாதை மலைகளுக்கு நடுவே போகும். கோடையில் சிக்ஸ் கிளேசியர்ஸ் தேநீர்க் கடைக்குப் போகிற அதே பாதை. குளிர்காலத்தில் அங்கே எச்சரிக்கைப் பலகை நிற்கும். பலகையைத் தாண்டி நாலைந்து பேர் போய்க்கொண்டிருந்தார்கள், கால்தடம் பளிச்சென்று தெரிந்தது.

“சித்தப்பா, அவங்கெல்லாம் போறாங்களே. பாதை சமதரையாத்தான இருக்கு?”

“பாதை சமதரைதான்டா. மேல பாரு.”

மேலே பார்த்தான். மலைமுகத்தில் மரமே இல்லாத நீளக் கீற்றுகள் மேலிருந்து ஏரி மட்டம் வரை இறங்கியிருந்தன. இரண்டு பக்கமும் அடர்ந்த காடு, நடுவில் மட்டும் மொட்டை, ஓரத்தில் நின்ற மரங்களுக்கு மலைப் பக்கத்துக் கிளைகளைக் காணோம். திரும்பத் திரும்பப் பனி இறங்கும் தடம் அது. வெயில் வேறு நன்றாக அடித்தது. புயல் முடிந்த மறுநாள் வெயில் அடித்தால் எல்லோருக்கும் குஷி, மலைக்குத்தான் அது சோதனையான நேரம். அவன் முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் திரும்பிவிட்டோம். அந்த நாலைந்து பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் அடுத்த வாரமும் போவார்கள். மலையில் தவறான முடிவுக்குப் பெரும்பாலும் தண்டனை கிடைப்பதில்லை. நல்ல அனுபவம் என்று நாம் சேர்த்து வைத்திருப்பதில் எவ்வளவு வெறும் அதிர்ஷ்டம் என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

கால்தடம் இருந்தால் துணிவது, பழகிய இடம் என்றால் அசட்டையாவது, விவரம் தெரிந்தவர் கூட இருந்தால் கேள்வி கேட்காமல் பின்னால் போவது ஆகிய பழக்கங்களையெல்லாம் இயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் நூற்றுக்கணக்கான விபத்துகளை அலசி 2000களின் தொடக்கத்தில் எழுதினார். இப்போது எல்லா வகுப்பிலும் சொல்லித்தருகிறார்கள். சொல்லித்தந்தால் போய்விடுகிற குணமா இது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ரோஜர்ஸ் கணவாய்க்கு இது புதிய கதையும் இல்லை. 1910 மார்ச் 4 இரவு, இதே சியாப்ஸ் மலையிலிருந்து விழுந்த பனி தண்டவாளத்தை மூடியது. அதை அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்து 58 பேரைக் கொன்றது. அவர்களில் 32 பேர் பிழைப்பு தேடி வந்த ஜப்பானியர். ரயில் கம்பெனி அதன்பின் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டது, 1916இல் ரயில் அதற்குள் போய்விட்டது. 1962இல் நெடுஞ்சாலை வந்தபோது பனி மறுபடி தலைவலியானது. இன்றைக்கு அங்கே ராணுவம் ஹோவிட்சர் பீரங்கியால் மலைமேல் சுட்டு, பனியை நம் நேரத்துக்கு விழவைக்கிறது.

மாட்டிக்கொண்டால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் சியாச்சினை நினைவில் வைத்துக் கேட்பார்கள். 2016 பிப்ரவரியில் மெட்ராஸ் ரெஜிமென்ட் 19வது பட்டாலியனின் 10 வீரர்கள் அங்கே புதைந்தார்கள், நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டதை நாடே பார்த்தது, சில நாளில் அவரும் இறந்துவிட்டார். கூடாரத்துக்குள் காற்றுக்கு இடம் இருந்ததால் நடந்த அபூர்வம் அது. திறந்த சரிவில் புதைகிறவருக்கு அந்த வசதி கிடையாது. 2024இல் வெளியான சுவிஸ் ஆய்வின்படி, 10 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதற்குப்பின் அது வேகமாகச் சரிந்து, அரை மணி ஆகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். கனடாவில் இறந்தவர்களில் நான்கில் ஒருவர் மூச்சு முட்டி இறக்கவில்லை, மரத்திலும் பாறையிலும் மோதி இறந்தார்கள். ஆக, புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஸீவர், துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவர் முதுகிலும் இருக்க வேண்டும். இருக்கிறது என்பதற்காக ஒரு டிகிரிகூடச் செங்குத்தாகப் போகக் கூடாது.

2003க்குப் பிறகு சில விஷயங்கள் உருப்படியாக நடந்தன. பொதுமக்களுக்கான தேசிய பனிச்சரிவு மையம் 2004இல் ரெவல்ஸ்டோக்கில் தொடங்கியது. அன்றாட அறிக்கையில் ‘எத்தனை’ என்ற எண்ணோடு, என்ன வகைப் பிரச்சினை, எந்தத் திசைச் சரிவில், எந்த உயரத்தில் என்பதும் இப்போது இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, பூங்காத் துறையில் கிராண்ட் ஸ்டேதமும் சகாக்களும் கொண்டுவந்த நிலவகை அளவுகோல். பனியைப் பற்றி அது பேசவே பேசாது. தொடங்கியபோது அது ஒவ்வொரு பாதையையும் எளியது, சவாலானது, சிக்கலானது என்று நிலத்தின் அமைப்பை வைத்து மட்டும் பிரித்தது: எவ்வளவு சாய்வு, தலைக்கு மேல் எத்தனை பனிச்சரிவுத் தடங்கள், தப்பிக்க இடம் உண்டா. பனி மணிக்கொரு தடவை மாறும், மலை மாறாது. பெற்றோர் இல்லாமல் பள்ளியோ அமைப்போ கூட்டிப்போகும் சிறுவர் குழுக்கள் தேசியப் பூங்காக்களில் சிக்கலான நிலத்துக்குப் போகக் கூடாது, சவாலான நிலத்துக்குச் சான்று பெற்ற வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது என்று விதியும் வந்தது. பிள்ளைகளின் சாகச உணர்வைக் கொல்கிறார்கள் என்று முணுமுணுக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த முணுமுணுப்பில் அனுதாபம் இல்லை.

நான் போகும் வரிசை இப்போது இதுதான்: முந்தைய நாள் மாலை அறிக்கை, அப்புறம் 30 டிகிரிக்கு மேற்பட்ட இடங்களுக்கு நிறம் தீட்டிய வரைபடம், அதில் என் பாதையையும் பாதைக்கு மேலே இருப்பதையும் பார்ப்பது. எங்கே போவது என்பது வீட்டு மேசையிலேயே முடிவாகிவிடும். மலைக்குப் போய்க் குழியும் வெட்டுவேன். அடியில் நவம்பர் பனி எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். பிப்ரவரியிலும் அது விரலிடுக்கில் வழிந்தால், அந்த வருடம் முழுக்க 30 டிகிரிக்குக் கீழேதான். வழியாவிட்டாலும் மேசையில் போட்ட திட்டத்தை அங்கே நின்று பெரிதாக்குவதில்லை. நண்பர்கள் சிலருக்கு இது போரடிக்கிறது. அந்த வருடங்களில் அவர்கள் வேறு ஆட்களோடு போகிறார்கள்.